மேடம் தேதி

ஏப்ரல் 3

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

ஏழு வருடமாக 'அண்ணே' என்று கூப்பிட்ட வாயால் இப்படி எழுத எனக்கும் நன்றாகத்தான் இல்லை. ஆனால் போன வாரம் போனில் நீங்கள் பேசிய பேச்சுக்கும் நான் பேசிய பேச்சுக்கும் பிறகு, அந்தச் சொல் தொண்டையை விட்டு வரமாட்டேன் என்கிறது.

போன் இனி வேண்டாம். எடுத்த உடனே இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். நம் இரண்டு ஊருக்கும் நடுவே லாரி ஓட்டும் ராக்கெட்டிடம் சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தால், அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "உங்க திட்டை அங்க போய்ச் சொன்னா அவர் என்னைத் திட்டுறாரு. அவர் திட்டை இங்க வந்து சொன்னா நீங்க திட்டுறீங்க. ரெண்டு பேரும் தாள்ல எழுதிக் குடுங்க, சரக்கோட கொண்டுபோய்க் குடுத்துடறேன்" என்றார். அவர் ஓட்டுகிற வேகத்துக்கு ராக்கெட் என்று பெயர் வைத்த ஆள் நல்ல குசும்புக்காரராக இருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னது நியாயம். அதனால் எழுதுகிறேன்.

நான் ஜிப் கேட்டது மார்ச் இருபதுக்கு. வந்தது மாதக் கடைசியில். இந்தத் தடவை நீங்கள் சொன்ன காரணம் சாயத்தொட்டி ஒழுகல். அதற்கு முந்தின தடவை கரண்ட் இல்லை. அதற்கும் முந்தின தடவை உங்கள் மெக்கானிக்கின் மச்சினிக்குக் கல்யாணம். அந்த மெக்கானிக்குக்கு இன்னும் எத்தனை மச்சினி பாக்கி என்று தெரிந்தால், நானும் அதற்குத் தகுந்தபடி பை தைத்துக்கொள்வேன்.

வந்த சரக்காவது ஒழுங்காக இருக்கிறதா? கறுப்பு என்று எழுதின பெட்டியைத் திறந்தால் உள்ளே காப்பிப்பொடி நிறம். இதைக் கறுப்பு என்று சொல்ல வேண்டுமானால் விளக்கை அணைத்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். ஜிப்பை இழுக்கும் ரன்னரோ, பாதி வழியில் நின்றுவிடுகிறது. என் பட்டறையில் தைக்கிற பெண்கள் மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் தேய்த்து இழுத்துப் பார்க்கிறார்கள். நான் பை தைக்கிறேனா, மெழுகு வியாபாரம் செய்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த ஆர்டர் தனித் தாளில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பைக்கு நீல ஜிப். ஏப்ரல் 25-க்குள் என் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பை தைத்துப் பிழைக்கும் ஒருத்தி


ஏப்ரல் 7

மேடம் அவர்களுக்கு,

நான் ஐயா ஆகிவிட்ட செய்தியை வீட்டில் படித்துக் காட்டினேன். "பரவாயில்லையே, உங்களுக்கு ப்ரமோஷன் குடுத்திருக்காங்க" என்றாள் உங்கள் அண்ணி. ப்ரமோஷன் கிடைத்தவன் பதிலுக்கு மரியாதை தர வேண்டாமா? நீங்களும் இனி மேடம்.

பிப்ரவரியில் வேறு வேலையாக உங்கள் ஊர்ப் பக்கம் வந்தபோது உங்கள் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். நீங்கள் வெளியே போயிருந்தீர்கள். ஸ்டோரைக் கவனிக்கும் உங்கள் சித்தப்பா உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் மாடிப்படிக்குக் கீழே என் பெட்டிகள். 'உயிர் போகிற அவசரம்' என்று ஜனவரியில் வாங்கினீர்களே, அதே பெட்டிகள். நான் ஒட்டின டேப் ஒட்டினபடியே இருந்தது. மேலே ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. பூனையின் அவசரம் எனக்குப் புரிந்தது. உங்கள் அவசரம்தான் புரியவில்லை.

அந்தப் பெட்டிகளுக்காக ஞாயிற்றுக்கிழமையும் ஆட்களை வரவழைத்தேன். சாயம் போடுகிற தம்பி தன் மகள் பள்ளிக்கூட மேடையில் ஆடியதைப் பார்க்கப் போகவில்லை. அவனிடம் நான் என்ன சொல்ல? 'உன் பொண்ணு ஆடினப்போ நீ பூனைக்குப் படுக்கை செஞ்சுக்கிட்டு இருந்தே' என்று சொல்லவா? அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் ஒரு புதுப் பேச்சு: 'மேடம் தேதி'. சொன்ன தேதிக்கு மேல் பத்து நாள் தாராளமாக இருக்கிறது என்றால் அது மேடம் தேதி. ஒரு மணிக்குச் சாப்பாடு என்றால், "நிஜ ஒரு மணியா, மேடம் ஒரு மணியா?" என்கிறார்கள். நான் அதட்டவில்லை. அதட்ட எனக்கு முகம் இல்லை.

கறுப்பு விஷயத்தில் உங்கள் பேச்சு சரி. பழைய சாயக்கடை மூடிவிட்டது, வேறு இடத்தில் வாங்கினேன். அதைச் சொன்னால் விலையைக் குறைக்கச் சொல்வீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ரன்னர் என் தலையில் விழக்கூடாது. ஏழு வருடம் ஓடின ரன்னர் இப்போது நிற்கிறது என்றால், நீங்கள் துணியை மாற்றியிருக்கிறீர்கள். என்ன துணி? எவ்வளவு தடிமன்? கையகலத் துண்டு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். இதைக்கூட நான் மோப்பம் பிடித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

நீங்கள் மாதிரிக்கு அனுப்பும் பையிலும் கடைப்பெயர் தைத்த பட்டியைக் கத்தரித்துவிட்டுத்தான் அனுப்புகிறீர்கள். யாருக்குத் தைக்கிறீர்கள், எங்கே விற்கிறது, யார் முதுகில் ஏறப்போகிறது, எதுவும் எனக்குத் தெரியக்கூடாது. ஆளைக் காட்டாமல் செருப்பு செய்யச் சொல்கிறீர்கள். அப்புறம் கடிக்கிறது என்றால் நான் என்ன செய்ய?

இப்படிக்கு,
புது ஐயா


ஏப்ரல் 11

ஜிப் கம்பெனி உரிமையாளர் அவர்களுக்கு,

பூனை விஷயத்தைப் படித்ததும் சித்தப்பாவை ஒரு பிடி பிடித்தேன். "நீ அவசரம்னு சொன்னதை நான் நம்பினேன். பூனைதான் நம்பலை" என்கிறார். அவரை வைத்துக்கொண்டு நான் தொழில் செய்வது எனக்குத்தான் தெரியும்.

ஆமாம், தேதியைக் கூட்டித்தான் சொல்கிறேன். என்னை அப்படிப் பழக்கியது யார்? முதல் வருடம் உள்ளது உள்ளபடி சொன்னேன். நீங்கள் திங்கட்கிழமை என்றீர்கள், வெள்ளிக்கிழமை வந்தது. அந்த நான்கு நாளும் ஆறு பெண்கள் மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாடிக்கையாளர் என் முகத்துக்கு நேராகவே ஆர்டர் தாளைக் கிழித்தார். அதற்குப் பிறகும் நான் உண்மையான தேதியைச் சொல்லிக்கொண்டிருந்தால் என்னைவிட முட்டாள் யார்? நீங்கள் பத்து நாள் தாமதம் செய்வீர்கள் என்று நான் பத்து நாள் முன்னால் சொன்னேன். நான் முன்னால் சொல்கிறேன் என்று நீங்கள் பத்து நாள் தள்ளி அனுப்பினீர்கள். இதில் பெயர் மட்டும் எனக்கு. 'ஐயா தேதி' என்று ஏன் வைக்கவில்லை?

பட்டியைக் கத்தரிப்பதற்கும் காரணம் இருக்கிறது. பைக்குக் கொக்கி கொடுத்துக்கொண்டிருந்தவர் என்னை 'அக்கா, அக்கா' என்று வாய் நிறையக் கூப்பிட்டார். ஒருநாள் பட்டியில் இருந்த கடைப்பெயரைப் பார்த்து நேரே அங்கே போனார். வேறு ஆளை வைத்துத் தைத்து அவரே பை கொடுக்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டுத்தான் வெளியே அனுப்புகிறேன். நீங்கள் அப்படிச் செய்வீர்கள் என்று நான் சொல்லவில்லை. செய்யமாட்டீர்கள் என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை.

துணி என் விஷயம். அதில் நீங்கள் தலையிட வேண்டாம். நீங்கள் மட்டும் எல்லாவற்றையும் திறந்து வைத்திருக்கிறீர்களா? 'ஜிப்பை வெட்டாமல் ரோலாகக் கொடுங்கள், ரன்னரைத் தனியாகக் கொடுங்கள், வேண்டிய நீளத்துக்கு நாங்களே வெட்டிக் கோர்த்துக்கொள்கிறோம்' என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்? 'அது உங்களுக்கு வராது' என்று ஒவ்வொரு தடவையும் மழுப்பினீர்கள்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள். ஏப்ரல் 25 உண்மையான தேதி. ஒரு பெரிய கடை தன் பள்ளிக்கூடப் பை அத்தனையையும் முதல் முறையாக எனக்கு மட்டும் கொடுத்திருக்கிறது. இதுவரை ஒரு மூலையில்தான் இடம் கொடுத்தார்கள். மே 10-க்குள் அவர்கள் குடோனுக்குப் பை போகாவிட்டால் ஆர்டர் ரத்து என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். பள்ளி திறந்த பிறகு அந்தப் பையை யார் வாங்குவார்கள்? இதை நம்பி இரண்டாவது வரிசை மெஷின் போட்டேன். அந்த வரிசையில் என் சின்னம்மா மகள் உட்பட எட்டுப் பேர். ஆர்டர் போனால் அந்த வரிசையையே மூட வேண்டும். எட்டு வீட்டுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

சத்தியமாகச் சொல்கிறேன். இது மேடம் தேதி இல்லை.


ஏப்ரல் 16

மேடம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆர்டர் போன தடவையே கிடைத்தது. சரக்கு வந்து சேரும்.

என்னிடம் ஜிப் வாங்குகிற பொம்மை கம்பெனிக்காரர் ஒருவரின் வேலை நடுவில் நிற்கிறது. அவர் கேட்டது கேட்ட தேதிக்குத்தான் வேண்டும் என்பார், அப்படியே எடுத்தும் கொள்வார். அதை முடித்துவிட்டு உங்களுடையதை எடுக்கிறேன்.

சத்தியம் புதிதாக இருக்கிறது. ஜனவரியில் உயிர் போகும் என்றீர்கள். உயிர் நல்லபடியாக இருக்கிறது என்று உங்கள் கடிதத்தின் சூட்டிலிருந்தே தெரிகிறது.

துணித் துண்டு வரவில்லை. மறுபடி கேட்கமாட்டேன்.


ஏப்ரல் 26

இருபத்தைந்து போய்விட்டது. இன்று ராக்கெட் வந்தார். லாரியில் யாருக்கோ போகிற பெயிண்ட் டப்பாக்கள் இருந்தன. என் ஜிப் இல்லை. "ஏத்தச் சொல்லலையேம்மா" என்றார். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

தைத்து முடித்த பைகள் ஜிப் இல்லாமல், வாயைத் திறந்துகொண்டு சுவர் ஓரம் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கின்றன. இரண்டாவது வரிசையில் யாரும் பேசுவதில்லை. என் சின்னம்மா மகள் மட்டும் பக்கத்தில் வந்து, "அக்கா, நாளைக்கு வரணுமா, வேண்டாமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வேறு ஒரு ஜிப் கம்பெனிக்கு போன் செய்தேன். அடுத்த மாதம்தான் கிடைக்குமாம். அதுவும் இரண்டு வருடத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கினால்தானாம்.

சத்தியம் என்று எழுதினேன். அதையும் எள்ளி நகையாடினீர்கள். உங்களோடு பேச எனக்கு இனி ஒன்றும் இல்லை. உங்கள் ஜிப் இனி வேண்டாம் என்று எழுதக்கூட முடியாத நிலையில் இருக்கிறேன். அதுதான் வயிற்றெரிச்சல்.


ஏப்ரல் 28

மேடம் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பவர் உங்கள் அண்ணி. லாரியில் ராக்கெட் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாள். "இன்னும் ஒரு கடுதாசி எழுதிக்கிட்டு உக்காந்திருந்தீங்கன்னா நான் அங்கேயே வேலைக்குச் சேந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

நடந்ததைச் சொல்கிறேன். பட்டறைச் சுவரில் எந்தெந்த வேலை எந்தத் தேதிக்கு என்று சாக்கட்டியால் எழுதிவைப்போம். நீங்கள் ஏப்ரல் 25 என்றீர்கள். நான் பத்தைக் கூட்டி மே 5 என்று எழுதினேன். சோம்பேறித்தனத்தால் விட்டுவிடவில்லை. நிதானமாக, யோசித்து, உங்களைத் தெரியும் என்கிற தைரியத்தில் விட்டேன். வருடக்கணக்காக ஒரே மாதிரி பொய் சொன்ன ஒருவர் திடீரென்று உண்மை சொன்னால், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. பொய் மாதிரியேதான் இருந்தது. உங்கள் மேல் கோபமாக வருகிறது. நம்பாமல் விட்ட என் மேல் அதைவிடக் கோபமாக வருகிறது. இரண்டு கோபத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நேற்று சாயத்தொட்டியை உதைத்தேன். கால் வீங்கியதுதான் மிச்சம்.

நீல ஜிப் சாயம் போட்டு ரோலாகச் சுற்றி இருக்கிறது. ஆனால் வெட்டவில்லை, ரன்னர் கோர்க்கவில்லை. என்னிடம் இருக்கிற நான்கு பேர் அதைச் செய்தால் ஒரு வாரம் ஆகும். உங்களிடம் சும்மா உட்கார்ந்திருக்கிற கைகள் நிறைய. அதனால் ரோலை ரோலாகவே அனுப்புகிறேன். ரன்னர் மூட்டை தனியாக இருக்கிறது.

கூடவே துணியில் சுற்றின பலகைகள் சில இருக்கும். ஒவ்வொன்றிலும் இரட்டை முள் அடித்திருக்கும். முள்ளில் ரன்னரை மாட்டி, ஜிப்பின் இரண்டு முனையையும் இரண்டு பக்கமாக நுழைத்து இழுத்தால் கோர்த்துக்கொள்ளும். வளைவு நானே தட்டித் தட்டிச் சரிசெய்தது. இதை வெளியாள் யாருக்கும் காட்டியதில்லை. இது உங்கள் கைக்கு வந்துவிட்டால் நாளைக்கே ரோலை யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம், என் தயவு வேண்டாம். 'உங்களுக்கு வராது' என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது அதனால்தான். உங்களுக்கு வரும். யாருக்கும் வரும். அண்ணி சொல்லிக் கொடுப்பாள்.

பெரிய மனது பண்ணிக் கொடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எரிச்சலோடுதான் கட்டி ஏற்றினேன். எட்டு வீடு என்று எழுதியிருந்தீர்கள். அது தூங்கவிடவில்லை.


மே 4

...

எப்படிக் கூப்பிடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதனால் இடம் விட்டிருக்கிறேன்.

முதலில் அண்ணியைப் பற்றி. லாரியிலிருந்து இறங்கியதும் உட்காரவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு நேரே இரண்டாவது வரிசைக்குப் போய், "யாருக்கு நகம் நீளமா இருக்கு? மொதல்ல வெட்டிட்டு வாங்க" என்றார். அன்று பொழுது சாய்வதற்குள் பெண்கள் பேசிக்கொண்டே கோர்க்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். என் சின்னம்மா மகள் வேகமாகக் கோர்த்து, அண்ணியையே தோற்கடித்தாள். சித்தப்பாவும் ஒன்று கோர்த்தார். தலைகீழாக.

பிறகு அண்ணி தைத்து வைத்திருந்த பையைக் கையில் எடுத்து, துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். "உள்பக்கம் ரப்பர் பூசின துணியா? இதை அவருகிட்ட ஏன்மா சொல்லலை? இந்தப் பூச்சு பிசிறு விட்டுப் பல்லுல மாட்டுது. தையலை ஒரு விரல்கடை தள்ளிப் போடுங்க, தானா ஓடும்" என்றார். தள்ளித் தைத்தோம். ஓடியது. மெழுகுவர்த்தி தேவைப்படவில்லை. கையகலத் துணியை உங்களுக்கு அனுப்பியிருந்தால் இத்தனை நாள் மெழுகு தேய்த்திருக்க வேண்டாம். அதை எழுதவே எனக்குக் கசக்கிறது. எழுதிவிட்டேன்.

இனிமேல்தான் விஷயமே.

எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் மே 10-க்குப் பாதிதான் முடியும் என்று தெரிந்தது. ஒளித்துப் பயனில்லை. கடையின் கொள்முதல் அதிகாரிக்கு நானே போன் செய்தேன். "சார், பாதி பத்தாம் தேதிக்கு வந்துடும். மீதிக்கு இன்னும் ஒரு வாரம் வேணும். தப்பு எங்க பக்கம்தான்" என்றேன். அவர் கொட்டாவி விட்டபடி சொன்னார்: "மெதுவா அனுப்புங்கம்மா. எங்களுக்கு இருபதாம் தேதிதான் வேணும். தைக்கிறவங்க எப்பவும் இழுத்தடிப்பாங்கன்னு பத்துன்னு போட்டோம்."

"ரத்துன்னு எழுதியிருந்தீங்களே சார்?"

"அது எல்லாருக்கும் எழுதறதுதான்."

போனை வைத்தேன். அழுகையா கோபமா என்று தெரியவில்லை. தைக்கிறவர்கள் எப்போதும் இழுத்தடிப்பார்களாம். நான் அந்தக் கடைக்கு ஒருநாள்கூடத் தாமதமாகப் பை கொடுத்ததில்லை. ஒருநாள்கூட. என் பெண்களில் ஒருத்தி தன் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டிய நாளைத் தள்ளிவைத்துவிட்டு இங்கே வந்து ரன்னர் கோர்த்தாள். அவளிடம் போய் நான் என்ன சொல்ல? உங்கள் சாயக்காரத் தம்பியின் ஞாபகம்தான் வந்தது.

நான் சத்தியம் செய்த தேதியே பொய். இருபதுக்குப் பை என்றால் எனக்கு ஜிப் எப்போது வேண்டும்? எண்ணிப் பாருங்கள். உங்கள் சுவரில் சாக்கட்டியால் எழுதியிருந்தீர்களே, மே 5. அதுதான் சரியான தேதி. நீங்கள் தாமதமே செய்யவில்லை.

சித்தப்பா இதை உங்களிடம் சொல்லாதே என்றார். "அவர் தப்பு பண்ணிட்டோம்னு நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்மா. இனி ஒரு வருஷத்துக்குச் சொன்ன தேதிக்குச் சரக்கு வரும்" என்றார். அவர் சொன்னதை யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். நேற்று முழுவதும் யோசித்தேன். ஆனால் அண்ணி விட்டுவிட்டுப் போன அந்த முள் பலகை என் மேஜை மேலேயே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

ராக்கெட்டிடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன். புதிதாகத் தைத்தது. பட்டி கத்தரிக்கவில்லை.


மே 9

இடம் விட்டவருக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தேன். யாரும் சிரிக்கவில்லை. சாயக்காரத் தம்பி மட்டும், "அப்போ அந்தக் கடைக்காரருக்கு அவங்க குடோன்காரர் என்ன தேதி சொல்லியிருப்பாரு?" என்று கேட்டான். எனக்குத் தலை சுற்றியது. எங்கோ ஒரு ஏசி அறையில் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டு ஒரு தேதி போடுகிறார். அதற்காக நீங்களும் நானும் இங்கே ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருக்கிறோம். நான்தான் சரி என்று சந்தோஷப்படலாம் என்று பார்த்தேன். வரவில்லை. நான் சரியாக இருந்தது என் சாமர்த்தியத்தால் இல்லையே. உங்களை நம்பாமல் இருந்ததால்.

பை வந்தது. பட்டியைப் பார்த்தேன். அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அந்தக் கடை எது என்று எனக்கு நான்கு வருடமாகத் தெரியும்.

என் மகள் ஆறாம் வகுப்புக்குப் போனபோது புதுப் பை கேட்டாள். அண்ணிதான் பஸ் ஏறி டவுன் கடைவீதிக்குப் போய் வாங்கி வந்தாள். வீட்டுக்குள் கொண்டு வந்து வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என் ஜிப்பை என்னால் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துச் சொல்ல முடியும். மூலையில் இரட்டைத் தையல் போட்டுத் திருப்பி அடிக்கிறது உங்கள் கைவேலை. பட்டியில் கடைப்பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தக் கடைக்கு இங்கிருந்து ஒரே பஸ். நான் ஒருநாளும் ஏறியதில்லை.

அதற்குப் பிறகும் நான்கு வருடம் நீங்கள் மாதிரிப் பையில் பட்டியைக் கத்தரித்து அனுப்பிக்கொண்டிருந்தீர்கள். நானும் ஒன்றும் தெரியாத மாதிரி வாங்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை அந்த ஓட்டையைப் பார்க்கும்போதும் மனசு வலித்தது. கொக்கிக்காரர் கதையை அன்றே சொல்லியிருந்தால் நானும் அன்றே சொல்லியிருப்பேன். அல்லது நானாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீம்பு.

மகள் இப்போது அந்தப் பையைத் தூக்கிப்போடச் சொல்கிறாள், பழசாகிவிட்டதாம். ஜிப் இன்னும் ஓடுகிறது. தையலும் விடவில்லை.

பூசின துணி என்றால் இந்த ஜிப் போதாது, பல் பெரியதாக வேண்டும். செய்து தருகிறேன். துண்டு அனுப்புங்கள். மறுபடி கேட்கமாட்டேன் என்று எழுதியிருந்தேன். கேட்டுவிட்டேன்.


மே 13

அண்ணே,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு வருடம். சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா? நீங்கள் அந்தக் கடைக்குப் போயிருந்தால்கூட உங்களைத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். தெரிந்தும் போகாமல் இருந்திருக்கிறீர்கள். இதற்கு நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோபப்படுவது? ஆனாலும் கோபமாகத்தான் இருக்கிறது. ஆறப் பத்து நாள் ஆகும்.

முதல் பாதிப் பைகள் பத்தாம் தேதியே போய்விட்டன. மீதி நாளைக்குப் போகிறது. இரண்டாவது வரிசை ஓடுகிறது. கடைக்காரருக்கு, இனிமேல் உண்மையான தேதியைத்தான் சொல்ல வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. வரும் என்றும் தோன்றவில்லை. அவர்களை நான் என்ன செய்ய முடியும்? உங்களிடமும் என்னிடமும்தான் என்னால் ஏதாவது செய்ய முடியும்.

முள் பலகைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அதுவும் அவசரத்துக்கு. ஜிப்பை நீங்களே வெட்டிக் கோர்த்து அனுப்புங்கள். பூசின துணித் துண்டும் பெட்டியில் இருக்கிறது. கையகலம் கேட்டீர்கள், ஒரு முழமே வைத்திருக்கிறேன். மகளுக்கு ஒரு புதுப் பையும் இருக்கிறது. பழையதைத் தூக்கிப்போட வேண்டாம் என்று சொல்லுங்கள், நான் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும்.

அடுத்த ஆர்டர் தனித் தாளில் இருக்கிறது. பயணப் பைக்குக் கறுப்பு ஜிப். அதில் ஒரு அடித்தல் இருக்கும். கை, பழக்கத்தில் முதலில் ஜூன் 5 என்று எழுதிவிட்டது. அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 15 என்று எழுதியிருக்கிறேன். "அசிங்கமா இருக்கு, வேற தாள்ல எழுதும்மா" என்றார் சித்தப்பா. நான் எழுதவில்லை. அடித்ததும் உங்கள் கண்ணில் படட்டும்.

கறுப்பு இந்தத் தடவையாவது கறுப்பாக இருக்கட்டும்.

தங்கச்சி